கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதலில் என்ன பார்ப்பது?

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் தரப்பட்டுள்ளன.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் கனமான லெட்ஜர் புத்தகங்கள்தான். 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்த பிறகுதான் கிளைகளுக்குள் மெஷின் நுழைய ஆரம்பித்தது. முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின், பிறகு கம்ப்யூட்டர், அதற்கும் பிறகு கோர் பேங்கிங். ஒவ்வொன்றும் வந்தபோது அது நின்றுபோனால் என்ன செய்வது என்று வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டோம். கவுண்டருக்கு வெளியே டோக்கனோடு நாற்பது பேர் நின்றால் கற்றுக்கொள்ளாமல் முடியுமா?

இன்று நான் சொல்லப்போகும் முறை கம்ப்யூட்டர் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ட்ரையல் பேலன்ஸிலிருந்து வந்தது.

ட்ரையல் பேலன்ஸ் சொல்லும் பாடம்

சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், புதிதாகச் சேர்ந்த பையன் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கூட்ட ஆரம்பிப்பான். ராத்திரி பத்து மணி ஆகும். பழைய ஆள் புத்தகத்தைத் தொடவே மாட்டார். வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் கேட்பார். 90 ரூபாய் என்றால், அது ஒன்பதால் வகுபடுகிறது, ஆகவே எங்கோ எண் இடம் மாறியிருக்கிறது, 540-ஐ 450 என்று எழுதியிருப்பீர்கள் என்பார். வித்தியாசம் 860 என்றால், அதில் பாதி 430, அந்தத் தொகை பற்றில் வரவேண்டியது வரவில் விழுந்திருக்கிறதா பார் என்பார். பத்து நிமிஷத்தில் கணக்கு டேலி ஆகும்.

அவர் செய்தது என்ன? தவறு எந்த இடத்தில் இருக்க முடியும் என்பதை முதலில் சுருக்கினார். அதன் பிறகுதான் கை வைத்தார். கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான். கோளாறு மின்சாரத்திலா, மெஷினிலா, சாஃப்ட்வேரிலா, நெட் லைனிலா என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றக்கூடாது.

இதில் நேரம் மட்டும் சம்பந்தப்படவில்லை, பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கோளாறு எங்கே என்று தெரியாதவர், தெரிந்த மாதிரி பேசுகிற எவனிடமும் மெஷினை ஒப்படைத்துவிடுவார். நம் வயதுக்காரர்களுடைய பென்ஷனும் டெபாசிட்டும் இன்று அந்த மெஷின் வழியாகத்தான் போய்வருகின்றன. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று கேள்விகள்

எந்தக் கோளாறு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இது எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் என்ன மாறியது? புது பிரிண்டர், புது ரூட்டர், ராத்திரி வந்த அப்டேட், வேலைக்காரம்மா டேபிளைத் துடைத்தது, எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு, எல்லாவற்றிலுமா, ஒன்றில் மட்டுமா? நெட் லேப்டாப்பில் வரவில்லை, போனில் வருகிறது என்றால் லைன் சரி, லேப்டாப்தான் சரியில்லை. வீட்டில் எதிலுமே வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

மூன்று, திரையில் என்ன எழுதியிருக்கிறது? 'ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, ஓகே அமுக்கிட்டேன்' என்பதுதான் எல்லோரும் சொல்வது. அமுக்கும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதி பிரச்சினைக்குப் பதில் அந்த வாசகத்திலேயே இருக்கும்.

இதோடு ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஒன்றை மாற்றிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

பிரான்சிலிருந்து வந்த லேப்டாப்

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. பாண்டிச்சேரியில் பிரான்ஸில் உறவு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. அங்கிருந்து பிள்ளைகள் தாங்கள் பயன்படுத்திய லேப்டாப்பை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து நாள் கழித்துப் பாஸ்வேர்டு ஏற்காது.

காரணம் கீபோர்டு. நம் கீபோர்டில் மேல் வரிசை க்யூ, டபிள்யூ என்று ஆரம்பிக்கும். பிரெஞ்சு கீபோர்டில் ஏ, இசட் என்று ஆரம்பிக்கும். ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறியிருக்கும், எம் என்பது எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்கள் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அமுக்க வேண்டும். யாரோ உள்ளே அமைப்பை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டால், பொத்தானின் மேல் ஏ என்று அச்சடித்திருந்தாலும் விழுவது க்யூ. பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிதான் தெரியும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கடையில் 'கீபோர்டு போயிடுச்சு, மாத்தணும்' என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு பார்த்தால் என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். திரையின் வலது கீழ் மூலையில் மொழியின் சுருக்கெழுத்து இருக்கும், அதைத் தொட்டு மாற்றினால் போதும். உள்ளே போன பிறகு விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரை அமுக்கினாலும் மாறும். செலவு ஒன்றுமில்லை.

அதே லேப்டாப்பில் இன்னொரு புகாரும் வரும். 'சார்ஜ் போடும்போது உடம்பைத் தொட்டால் ஷாக் மாதிரி சுர்ருன்னு இருக்கு' என்பார்கள். பிரெஞ்சு பிளக்கில் எர்த் பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அதற்கு ஓட்டைதான் இருக்கும், அந்த ஊர் சாக்கெட்டிலிருந்து ஒரு பின் வந்து அதில் நுழையும். நம் சாக்கெட்டில் அது இல்லை, ஆகவே எர்த் இணைப்பே கிடைப்பதில்லை. பின்னும் நம்முடையதைவிடச் சற்று மெல்லியது, லூசாக இருந்து பொறி பறக்கும். சார்ஜரில் கழற்றக்கூடிய ஒயர் இருந்தால், அதே வடிவத்தில் நம் மூன்று பின் ஒயரை எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கி மாட்டிவிடுங்கள். மூன்று பின் போட்டும் சுர்ரென்றால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள்.

உப்புக்காற்றும் கரண்ட்டும்

கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பது சுகம்தான். ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இணைப்புகளுக்கும் அதுதான் ஆகிறது. மாதக்கணக்கில் பயன்படுத்தாத டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. பெரும்பாலும் அது ரேம். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கையால் ஒரு உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, கிளிப் 'க்ளிக்' என்று விழும்வரை திரும்பச் செருகுங்கள். கை நடுங்குகிறவர்கள் பேரப்பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தினமும் அரைமணி நேரமாவது மெஷினை ஓட விடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

யு.பி.எஸ். பேட்டரி சில வருஷம்தான் வரும். கரண்ட் போன உடனே கம்ப்யூட்டரும் அணைந்தால் பேட்டரி முடிந்தது என்று பொருள், கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம். லேசர் பிரிண்டரைச் சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கும் கரண்ட்டை அது தாங்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்களே கை வைக்கக்கூடாது. லேப்டாப்பின் அடிப்பக்கமோ, விரலால் தேய்க்கும் இடமோ உப்பி மேலே எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். அது தீப்பிடிக்கக் கூடியது. நேராக சர்வீஸ் சென்டர்.

தினமும் வருகிற நான்கு புகார்கள்

'ரொம்ப ஸ்லோவா இருக்கு.' முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். 'நான் தினமும் ஷட்டவுன் பண்றேனே' என்பீர்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு ஷட்டவுன் கொடுத்தால் சில பகுதிகளைத் தூங்க வைத்துவிட்டு, மறுநாள் அதையே எழுப்பும் வழக்கம் வந்துவிட்டது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். அப்புறமும் மந்தம் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற இடத்தில் எப்போதும் நூறு சதவீதம் என்று நின்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் தடை. அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால் பழைய மெஷினும் இளமையாகும். மெமரி நிரம்பி நின்றால் ரேம் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் புது மெஷின் வாங்காதீர்கள்.

'பேங்க் வெப்சைட் திறக்கலை, பாதுகாப்பு இல்லைன்னு வருது.' உடனே வங்கியில் கோளாறு என்று நினைக்காதீர்கள். வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதி காட்டினால் விஷயம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, செக்குக்கு இருப்பதுபோல அதற்கும் செல்லுபடியாகும் காலம் உண்டு. உங்கள் மெஷினின் தேதி தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழையும் அது ஏற்காது. தேதியைச் சரிசெய்யுங்கள். கரண்ட்டை அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதிக்கே போனால், உள்ளே இருக்கும் சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

'வைஃபை வரலை.' ஃபைபர் பெட்டியில் லாஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் தெருவிலிருந்து வரும் லைனே வரவில்லை. கம்பெனிக்கு போன் செய்வது தவிர நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. விளக்கு சரியாக இருந்து, பெட்ரூமில் மட்டும் வரவில்லை என்றால் இடையில் இரும்பு பீரோவோ கான்கிரீட் சுவரோ இருக்கும். ரூட்டரை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் உயரத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள்.

'பிரிண்டர் அடிக்கலை.' அடிக்கவில்லை என்று மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. முதலில் கொடுத்தது சிக்கிக்கொண்டு நிற்கும், மற்றவை கியூவில் பின்னால் நிற்கும், ரேஷன் கடையில் முதல் ஆள் கார்டைத் தேடுகிற மாதிரி. கியூவில் உள்ள எல்லாவற்றையும் ரத்து செய்து, பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். இங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள், இல்லாவிட்டால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

இது நம்மில் பலரைப் பாதிக்கும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மெஷின் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். பூட்டு பழசானால் வீடு இடியாது, திருடனுக்குச் சுலபமாகும், அவ்வளவுதான். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே மார்ச்சில் வந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

என்ன செய்யலாம்? செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று அதுவே சொல்லும். ஏற்றால் இலவசமாக மாறிக்கொள்ளலாம். ஏற்காவிட்டால், அதே பக்கத்தில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவுசெய்து 2026 அக்டோபர் 13 வரை காலம் நீட்டிக்கலாம். அதற்குள் முடிவு செய்யுங்கள். மெயில், யூடியூப், பேப்பர் படிப்பது மட்டும் என்றால் லினக்ஸ் போட்டுக்கொண்டு பழைய மெஷினையே ஓட்டலாம், அதற்குக் காசு கிடையாது. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பிலும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது பிரதி

வங்கியில் நாள் முடிந்ததும் அன்றைய கணக்கின் பிரதி ஒன்றை எடுத்து, கிளைக்கு வெளியே வேறு இடத்தில் வைப்பது கட்டாயம். கிளையே எரிந்துபோனாலும் உங்கள் பாஸ்புக் இருப்பு மாறாமல் இருந்தது அதனால்தான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்ததும், அதன் பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் நம் ஊர் பக்கத்திலேயே கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளத்தில் தண்ணீர் நுழைந்த வீடுகளில் தரையில் வைத்திருந்த சி.பி.யூ. பெட்டியும் நனைந்தது. புது கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாம். மறைந்த மனைவியின் போட்டோவைக் கடையில் வாங்க முடியாது.

ஆகவே முக்கியமானவை மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மகனோ மகளோ இருக்கும் ஊரில் அல்லது கூகுள் டிரைவில் ஒன்று. கூகுள் 15 ஜி.பி. வரை இலவசமாகத் தருகிறது. ஹார்டு டிஸ்க்கைக் காப்பி எடுத்ததும் பிடுங்கி பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

திரையில் வரும் போன் நம்பர்

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள்' என்று வரும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார். மரியாதையாகப் பேசினார்களாம். 'நாங்கள் சரிசெய்கிறோம் சார்' என்று ஒரு ஆப்பைப் போடச் சொன்னார்கள். அதன் பிறகு அவருடைய மவுஸ் தானாக நகர்ந்தது. 'சர்வீஸ் சார்ஜ் பத்து ரூபாய் மட்டும், நெட் பேங்கிங்கில் கட்டுங்கள்' என்றார்கள். அவர் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை 48,000 ரூபாய் போனது. இரண்டாவது மெசேஜ் வந்ததும் மருமகள் ரூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு 1930-க்கு அழைத்தார். இரண்டாவது தொகை நிறுத்தப்பட்டது. முதலாவது இன்னும் வரவில்லை.

அவர் படித்தவர். கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரர். அவர் கேட்காத ஒரே கேள்வி, இது எங்கிருந்து வருகிறது என்பதுதான். அந்தச் சிவப்புத் திரை கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை, அது வெறும் ஒரு வெப் பக்கம், கோயில் வாசலில் ஒட்டிய போஸ்டர் மாதிரி. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் இன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள். திரையில் போன் நம்பர் வந்தால் அது பொய்.

அப்படி வந்தால் எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் ஆல்ட்டும் எஃப் 4-ம் அமுக்குங்கள். எதுவும் கேட்காவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி பிடித்து அணைத்துவிடுங்கள். திரும்ப ஆன் செய்யும்போது 'பழைய பக்கத்தைத் திறக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தது.

தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் ஆப்புகள் நல்ல வேலைக்காக உருவானவை. வெளிநாட்டிலிருக்கும் மகன் அதில்தான் நமக்கு உதவுகிறான். ஆனால் அவற்றை வைத்து நடக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. நாமாக அழைத்த, முகம் தெரிந்த ஆளுக்கு மட்டுமே அந்தச் சாவியைக் கொடுக்க வேண்டும். அவர் பார்க்கும்போதும் வங்கிப் பக்கத்தைத் திறக்கக் கூடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். அடுத்த நிமிஷம் 1930, அடுத்தது உங்கள் வங்கி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கையில், தவறு வங்கியிடமும் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுக்கு இல்லை என்று இருக்கிறது. ரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை உண்டு. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். அப்போதும் நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். 'ஓடலை, பாருங்க' என்று சொல்லாமல், 'செவ்வாய்க்கிழமையிலிருந்து பத்து நிமிஷத்தில் அணைகிறது, ஒயர் மாற்றிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது' என்று சொல்லுங்கள். அப்படிப் பேசுகிற வாடிக்கையாளரிடம் தேவையில்லாத பாகத்தை யாரும் மாற்றச் சொல்ல மாட்டார்கள். கொடுக்கும் முன் பிரதி எடுத்துவிடுங்கள், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்குங்கள், ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு பொது நோட்டு வைக்கலாம். என்ன கோளாறு, எப்படிச் சரியானது, எவ்வளவு செலவு என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஏ பிளாக்கில் ஒருவருக்குச் சரியான வழி, சி பிளாக்கில் அடுத்தவருக்குப் பயன்படும். முதல் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதி வைப்போம்.

கேள்வி பதில்

சங்கத்தின் பழைய தீர்மானங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது பாமினி மாதிரி ஒரு பழைய ஃபாண்டில் அடித்தது. அந்த ஃபாண்டுகளில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்தின் எண்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருப்பார்கள். அந்த ஃபாண்டு இல்லாத மெஷினில் போர்வை விலகிவிடும். அதே ஃபாண்டைப் போட்டால் திரும்பத் தெரியும். அதோடு நிற்காமல், யூனிகோடாக மாற்றும் இலவச மாற்றி ஒன்றில் போட்டு மாற்றி வையுங்கள். 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இனி அடிப்பதையெல்லாம் யூனிகோடிலேயே அடியுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம், அந்த ஷார்ட்கட்டை அமுக்கவும் வேண்டாம். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டிருக்கும். முதலில் ஆன்டி வைரஸால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி அமைப்பை மாற்றி, தேவையானதைக் காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கடைக்கு எடுத்துப் போக ஒரு தனி பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், அதில் அன்று பிரிண்ட் எடுக்க வேண்டியது மட்டும் இருக்கட்டும்.

நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கும்போது கைரேகைக் கருவியைக் கம்ப்யூட்டர் ஏற்பதில்லை. ஏற்றாலும் என் ரேகை தேய்ந்துவிட்டது. என்ன செய்வது?

கம்ப்யூட்டரோடு போராட வேண்டாம். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் திட்டத்தில் 2021 முதல் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஆதாரின் முக ஆப்பும் ஜீவன் பிரமாண் ஆப்பும் போதும். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஆப்பைப் போனின் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கிலிருந்து எடுக்காதீர்கள். 'லைஃப் சர்டிஃபிகேட் புதுப்பிக்க ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று யாராவது போன் செய்தால், பேசாமல் வைத்துவிடுங்கள்.